சனிக்கிழமைச் சம்பளத்தை நிறுத்தியது யார்?

எங்கள் கணக்கைத் தொட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

நேற்று மாலை வரை ஓடிய புரோகிராம் இன்று காலையில் ஓடவில்லை. நடுவில் நாங்கள் எதையும் மாற்றவில்லை, ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. ராத்திரியில் கம்ப்யூட்டர் தானாக அப்டேட் எடுத்துக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் ஒருவர் வந்து பழைய மைக்ரோசாஃப்ட் ஆபீஸைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டு, பில்லை நீட்டிவிட்டுப் போயிருப்பார். அவர்கள் வேலை அதோடு முடிந்தது. அதற்கப்புறம் விழுகிற திட்டு முழுவதும் எங்களுக்கு.

எங்களுக்கு என்றால், சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஆபீஸ் வரிசையின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்து, வருடக்கணக்கில் அதைக் கட்டிக் காப்பாற்றி வருகிற ஆட்களுக்கு. திருப்பூரில் பனியன் தொழிலை ஒட்டிப் பிழைக்கிற அப்படிப்பட்டவர்களில் நானும் ஒருவன். பெரிய ஏற்றுமதி கம்பெனிகள் லட்சங்களைக் கொட்டி ஈஆர்பி மென்பொருள் போட்டுக்கொள்ளும். இருபது முப்பது மெஷினோடு ஜாப்வொர்க் எடுக்கும் பவர்டேபிள் யூனிட்டுக்கு அது கட்டாது. அங்கே ஆக்சஸ் போதும். 1992 நவம்பரில் முதல் பதிப்பு வந்த நாளிலிருந்து அதன் பலம் ஒன்றுதான்: டேபிளும் ஃபார்மும் ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலுக்குள் இருக்கும். தனி சர்வர் வேண்டாம், அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆளும் வேண்டாம். பென்டிரைவில் போட்டால் வீட்டுக்கே எடுத்துப் போகலாம்.

அந்த ஒரு ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று அப்டேட் அனுப்புகிறவர்களுக்குத் தெரியுமா? ஓவர்லாக் அடித்தவருக்கு ஒரு பீஸுக்கு இவ்வளவு, ஃபிளாட்லாக்குக்கு இவ்வளவு, கை மடிக்க, செக்கிங் பார்க்க, அயர்ன் போட, பேக் பண்ண இவ்வளவு. ஸ்டைல் மாறினால் ரேட் மாறும். யார் எத்தனை பீஸ் கொடுத்தார்கள், எத்தனை ஆல்டருக்குத் திரும்பியது, யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார்கள், இந்த வாரம் அதில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள். இவ்வளவையும் கூட்டிக் கழித்துச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு சீட்டு பிரிண்ட் ஆகி வர வேண்டும். இங்கே வாரச் சம்பளம். அந்தக் காசில்தான் ஞாயிற்றுக்கிழமை அந்த வீடுகளில் அடுப்பு எரியும்.

ஒரு யூனிட்டில் ஒரு வெள்ளிக்கிழமை, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று முதலாளி ஒரு சர்வீஸ் கம்பெனியைக் கூப்பிட்டிருக்கிறார். வந்த பையன் விண்டோஸைப் புதிதாக ஏற்றி, 64 பிட் ஆபீஸ் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இந்த மெஷினில் என்ன புரோகிராம் ஓடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் மதியம் மேனேஜர் கூப்பிட்டார். “ஏனுங் தம்பி, உங்க புரோகிராம் செத்துப்போச்சுங்க. சம்பளச் சீட்டு ஒண்ணும் வரமாட்டேங்குது. பொம்பளைங்கெல்லாம் படிக்கட்டுல உக்காந்துட்டிருக்காங்க.” போய்ப் பார்த்தால் உண்மையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா எழுந்து வந்து, “எப்பங்ணா வரும்? குழுக் காசு கட்டோணும், அவங்க வூட்டு வாசல்ல வந்து நிப்பாங்க” என்று கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

முதலாளி அதைவிட ஒரு படி மேலே போனார். “மிஷினு இப்பத்தான் புதுசா ஆயிருக்குது. அப்பறம் கோளாறு உன்ற புரோகிராம்லதானப்பா இருக்கோணும்?” வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது நியாயமாகத்தான் தெரியும். மாற்றியவன் மறைந்துவிட்டான். திரையில் பிழைச் செய்தியோடு நிற்பது என் ஃபார்ம்.

என்ன நடந்தது என்று விளக்குகிறேன். இது தெரியாததால்தான் பழி மாறி விழுகிறது.

ஆபீஸ் 2010இல்தான் முதன்முதலாக 64 பிட் பதிப்பு வந்தது. அதன் பிறகும் பல வருடம், தேடிப்போய்க் கேட்காவிட்டால் 32 பிட்தான் இறங்கும். 2019இலிருந்து அது தலைகீழானது. எதுவும் கேட்காமல் நிறுவினால் இப்போது 64 பிட்தான் உட்காரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஐகான்கூட மாறாது. ஆனால் விண்டோஸின் உள் வசதிகளை அழைக்கும் ஒவ்வொரு ‘டிக்ளேர்’ வரியிலும் ‘பிடிஆர்சேஃப்’ என்று சேர்க்காவிட்டால் 64 பிட் ஆக்சஸ் அந்த நிரலை ஏற்காது. 32 பிட்டில் பூட்டி வைத்த ஏசிசிடிஈ ஃபைலைத் திறக்கவே திறக்காது. தேதியைத் தேர்ந்தெடுக்க நாம் வைத்திருந்த பழைய டேட் பிக்கர் கன்ட்ரோலுக்கு 64 பிட் வடிவமே கிடையாது. இன்னும் பழைய காலண்டர் கன்ட்ரோலை ஆக்சஸ் 2010லேயே தூக்கிவிட்டார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், உடைந்த இடம் ஒன்று, வலி தெரிகிற இடம் வேறொன்று. நிரல் எழுதும் விபிஏ எடிட்டரில் ‘டூல்ஸ் – ரெஃபரன்சஸ்’ திறந்தால், காணாமல் போன லைப்ரரியின் பெயருக்கு முன்னால் ‘மிஸ்ஸிங்’ என்று ஒரு வார்த்தை இருக்கும். அது ஒன்றே ஒன்று இருந்தாலும் சரி, அதற்குச் சம்பந்தமே இல்லாத ‘டேட்’, ‘லெஃப்ட்’, ‘ஃபார்மேட்’ போன்ற அடிப்படை ஃபங்ஷன்கள்கூடப் பிழை காட்டும். இன்றைய தேதியைக்கூட இந்தப் புரோகிராமால் சொல்ல முடியவில்லையே என்று முதலாளி என் முகத்தைப் பார்ப்பார். தேதி சரியாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் இருந்த எதையோ எவனோ பிடுங்கிவிட்டான். உள்ளே போய் அந்த ஒரு டிக்கை எடுத்து, அந்தக் கன்ட்ரோலுக்குப் பதிலாகச் சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து, திரும்ப கம்பைல் செய்தால் பாதிப் பிழைகள் மறைந்துவிடும். இதை அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஃபார்மேட் ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை கட்டிங் செக்‌ஷனில் யாரும் கை வைக்காத ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. ஃபைலை அதில் காப்பி செய்து, சீட்டுகளை அடித்துக் கொடுத்தபோது இருட்டி வெகுநேரம் ஆகிவிட்டது. பாதிப் பேர் கிளம்பிப் போயிருந்தார்கள். சர்வீஸ் கம்பெனிக்காரர்கள் போனை எடுக்கவில்லை. திங்கட்கிழமை நேரில் வந்து, ஆக்சஸ் எல்லாம் பழசு சார், எங்களிடம் ஒரு பேக்கேஜ் இருக்கிறது என்று முதலாளியிடம் விலை பேசினார்கள். என் வருடப் பராமரிப்புக் காசை முதலாளி நிறுத்திவைத்தார். உடைத்தவனுக்கு ஆர்டர், ஒட்டவைத்தவனுக்குத் தண்டனை. இதை நான் எங்கே போய்ச் சொல்ல?

இந்த ஊரோடு போனால் பரவாயில்லை. உலகம் முழுக்க ஒரே நாளில் நடந்ததும் உண்டு. 2019 நவம்பர் 12ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. அது இறங்கிய கம்ப்யூட்டர்களில் ஆக்சஸின் அப்டேட் குவெரிகள் ‘குவெரி இஸ் கரப்ட்’ என்று சொல்லி நின்றன. பிழை எண் 3340. 2010, 2013, 2016, 2019 என்று எல்லாப் பதிப்பிலும் இதே கதை. குவெரியில் கெட்டுப்போனது எதுவுமில்லை. ஒரே ஒரு டேபிளை, ‘வேர்’ நிபந்தனை போட்டு மாற்றுகிற எந்தக் கட்டளையையும் அந்தத் திருத்தம் தவறாகச் சந்தேகப்பட்டது. யோசித்துப் பாருங்கள், ‘இந்த ஆளுக்கு அட்வான்ஸில் இவ்வளவு கழி’ என்பது அதேதான். ‘இந்தப் பில் கட்டியாயிற்று’ என்று குறிப்பதும் அதேதான். கணக்கு வைக்கிற எந்தப் புரோகிராமிலும் அதிகம் ஓடுகிற கட்டளை அது. அதையா சோதித்துப் பார்க்காமல் அனுப்புவார்கள்?

தவறு தங்களுடையது என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் சரிசெய்யும் திருத்தம் எல்லாருக்கும் ஒரே நாளில் வரவில்லை. பதிப்புக்குப் பதிப்பு தேதி வேறாக இருந்தது. அதுவரை என்ன செய்வது? நவம்பர் அப்டேட்டைக் கழற்றி எறியலாம். அல்லது டேபிளின் பெயரை மாற்றிவிட்டு, அதன் பழைய பெயரிலேயே ஒரு செலக்ட் குவெரி எழுதி, கட்டளைகளை அதன்மேல் ஓடவிடலாம். இரண்டும் வேலை செய்யும். ஆனால் ஒரு கடைக்காரர் ‘கரப்ட்’ என்ற வார்த்தையைத் திரையில் பார்த்தால் என்ன நினைப்பார்? கணக்கு போய்விட்டது என்றுதான் நினைப்பார். பேக்கப்பைத் தேடி எடுத்து, நன்றாக இருக்கிற இன்றைய ஃபைலின்மேல் போன வாரத்து ஃபைலைப் போட்டு மூடுவார். அப்டேட் அழிக்காத கணக்கைப் பயம் அழித்துவிடும். பொய்யான ஒரு பிழைச் செய்திக்கு அந்த விலை.

இதற்கு முன்னால் 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 அப்டேட். அதை 1803 என்பார்கள். நாலைந்து கம்ப்யூட்டர்கள் ஒரே ஷேர் ஃபோல்டரில் உள்ள ஃபைலைத் திறந்து வேலை செய்கிற இடங்களில், அடிக்கடி ‘அடையாளம் தெரியாத டேட்டாபேஸ் வடிவம்’ என்று ஃபைல் முறிய ஆரம்பித்தது. ஃபைலின் பகுதிகளை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னிடமே பிடித்துவைக்க விடுகிற ‘லீஸிங்’ என்ற நெட்வொர்க் ஏற்பாடு ஒன்று உண்டு. ஃபைல் இருக்கிற மெஷினின் ரெஜிஸ்ட்ரியில் போய் ‘டிஸேபிள் லீஸிங்’ என்று எழுதி அதை அணைத்தால்தான் முறிவது நின்றது. தையல் மெஷின், டீக்கடை, கம்ப்யூட்டர் மூன்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்கிற யூனிட்டில் ரெஜிஸ்ட்ரி யாருக்குத் தெரியும்? அதே அப்டேட்தான் ஹோம்குரூப்பையும் நீக்கியது. அதற்கு முந்தைய அப்டேட்டில், புதிதாக நிறுவினால் எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறை வராது என்று ஆக்கியிருந்தார்கள். பழைய எக்ஸ்பி மெஷினில் ஃபைலை வைத்திருந்தவர்களுக்குக் கதவே சாத்திக்கொண்டது. 2017 அக்டோபர் அப்டேட்டும் சும்மா இருக்கவில்லை. ஜெட் டிரைவர் வழியாக எக்ஸெல் ஷீட்டை உள்ளே இழுக்கும் புரோகிராம்கள் எல்லாம் அன்று திக்கி நின்றன.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைரஸ் புகுந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற காலம் இது. ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும். அடைக்கிற கையால் பிழைப்பையும் சேர்த்து அடைக்காதீர்கள் என்கிறேன்.

இன்னும் மெல்லக் கொல்லும் மாற்றங்களும் உண்டு. ஆக்சஸ் 2007 ஏசிசிடிபி என்ற புதிய ஃபைல் வடிவத்தைக் கொண்டு வந்தபோது, யார் எதைப் பார்க்கலாம் என்று ஆளுக்கு ஆள் பூட்டு போடும் வசதி அந்தப் புது வடிவத்தில் இல்லை. சூப்பர்வைசருக்குத் தெரியாமல் வைத்திருந்த சம்பள டேபிள், வடிவம் மாறிய அன்றே எல்லாருக்கும் திறந்துகொண்டது. ஆக்சஸ் 2013 வந்தபோது ஆக்சஸ் 97 ஃபைல்களைத் திறப்பதையே நிறுத்திவிட்டார்கள். 2010 அல்லது அதற்கு முந்தைய பதிப்பு ஒன்று கையில் இருந்தால் அதில் திறந்து மாற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் சுற்று வழிதான். பிஎஃப் தகராறில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய வருகைப் பதிவைக் காட்டு என்று கேட்டால் ஒரு சின்ன யூனிட் எங்கே போகும்? ஃபைல் கையிலேயே இருக்கிறது, ஒரு பைட்கூடக் கெடவில்லை, படிக்க மட்டும் முடியாது. ஃபாக்ஸ்புரோவை நம்பியவர்களுக்கும் இதே கதிதான். 1992இல் அதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2007இல் இனிப் புதுப் பதிப்பு இல்லை என்றது. டாஸ் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய புரோகிராம்களை 64 பிட் விண்டோஸ் நேரடியாக ஓட்டாது. எழுதியவர்களில் சிலர் உயிரோடு இல்லை. அவர்கள் எழுதிய மூல நிரலும் அவர்களோடு போயிற்று.

விரல்ரேகை வைக்கும் வருகைப் பதிவு மெஷின்களோடு வரும் மென்பொருள்களிலும் பல, ஆக்சஸின் பழைய எம்டிபி வடிவ ஃபைலில்தான் எழுதி வைக்கின்றன. அதைப் படிக்கும் பழைய ஜெட் 4.0 டிரைவருக்கு 64 பிட் வடிவம் கிடையாது. பதிலாக ஏஸ் டிரைவரின் 32 பிட்டைப் போடப் போனால், 64 பிட் ஆபீஸ் இருக்கிற மெஷினில் இன்ஸ்டாலர் மறுத்துவிடும். ஆக, ஆபீஸை மாற்றியதற்குப் பலன், காலையில் கை வைத்த ஆளின் வருகை சம்பளக் கணக்குக்கு வந்து சேராது. கை வைத்தது உண்மை, வேலை செய்தது உண்மை, சீட்டில் மட்டும் ஆப்சென்ட்.

தமிழ்ப் பெயர்கள் பட்ட பாடு தனி. யூனிகோட் இந்தப் பக்கம் வராத நாளில் ஆட்களின் பெயர்களைப் பாமினி, டாம், டாப் என்று கிடைத்த எழுத்துருவில் அடித்தோம். டாமும் டாபும் 1999இல் தமிழக அரசே அறிவித்த முறைகள். 2010இல் அதே அரசு யூனிகோடுக்கு மாறியது. டேட்டாபேஸில் இருப்பது உண்மையில் தமிழ் அல்ல, அந்த எழுத்துருவைப் போட்டால் தமிழாகத் தெரிகிற குறிகள். விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது அந்த எழுத்துருவும் அழிந்துபோகும். திறந்தால் பாப்பாத்தியும் இல்லை, செல்வமணியும் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை வரிசையாக நிற்கும். டேட்டா கெட்டுப்போச்சு என்று யாரோ ஒருவர் அதன்மேலேயே யூனிகோடில் பெயர்களைத் திருப்பி அடிக்க ஆரம்பிப்பார். பாதி அப்படி, பாதி இப்படி ஆன பிறகு தேடினால் ஆள் கிடைக்காது, அகர வரிசையும் நிற்காது, ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு முளைத்திருக்கும். எழுத்துருவைத் திரும்பப் போட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. எழுத்துருக்களைத் தனி ஃபோல்டரில் எடுத்து வைத்துவிட்டு ஃபார்மேட் செய்யக் கூடாதா? அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

எங்கள் குமுறலைக் கேட்டுவிட்டு, நீங்களும் மாற வேண்டியதுதானே, எல்லாரும் கிளவுடுக்குப் போய்விட்டார்களே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாறத் தயார். மாதாமாதம் வாடகை கட்ட முதலாளி தயாரா? நெட் போனால் சம்பளம் நிற்காது என்று யாராவது எழுதித் தருவார்களா? பத்து வருடக் கணக்கைப் புது இடத்துக்குச் சிந்தாமல் சிதறாமல் கொண்டு போகிற உழைப்புக்கு யார் கூலி கொடுப்பார்கள்? ஓடுகிற ஒன்றை ஓடவிடுங்கள் என்று கேட்பது பிற்போக்கு ஆகாது. இருக்கிற வருமானத்தில் ஒரு சின்னத் தொழில் எடுக்கக்கூடிய சரியான முடிவு அது.

மென்பொருள் செய்கிறவர்களே, ஒரு வசதியை எடுக்கப் போகிறீர்கள் என்றால் எடுப்பதற்கு முன்னால் திரையில் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் மட்டும் சொல்லாதீர்கள். பழைய ஃபைலை மாற்ற முடியாவிட்டாலும் படிக்கவாவது ஒரு வழியை எந்தக் காலத்திலும் விட்டுவையுங்கள். அப்டேட் தவறினால் முந்தைய நிலைக்குத் திரும்ப, கடைக்காரரே அழுத்தக்கூடிய ஒரு பட்டன் கொடுங்கள்.

சர்வீஸுக்குப் போகும் தம்பிகளே, மெஷினில் கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் என்ன புரோகிராம் ஓடுகிறது, எழுதியவர் நம்பர் என்ன? இருக்கிற ஆபீஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து, அதையே திரும்பப் போடுங்கள். ஃபைல் திறக்காவிட்டால் அசலின்மேல் ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ கொடுக்காதீர்கள். முதலில் ஒரு காப்பி எடுத்து, வைத்தியத்தைக் காப்பியில் செய்யுங்கள். அப்டேட் ஆகாத வேறொரு மெஷினில் அதே ஃபைலைத் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால் ஃபைலில் குற்றம் இல்லை. அதை முதலாளியிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

முதலாளிமாரே, உங்களிடம் கடைசியாக ஒன்று. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கும் ஆபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் ஆதரவு முடிந்துவிட்டது. அதைக் காரணம் காட்டி உங்கள் மெஷினை மாற்றச் சொல்லி ஆட்கள் வருவார்கள், மாற்றத்தான் வேண்டியிருக்கும். சனிக்கிழமையை ஒட்டி மாற்றாதீர்கள். பழைய மெஷினை உடனே எடைக்குப் போடாதீர்கள், புதியதில் இரண்டு வாரச் சம்பளம் சரியாக வரும் வரை அப்படியே மூலையில் வைத்திருங்கள். மாற்றுவதற்கு முன்னால் அந்தப் புரோகிராமை எழுதியவனுக்கு ஒரு போன் போடுங்கள்.